தாடியும் ட்ரோனும்: அமெரிக்கப் பழமைவாதிகளின் இராணுவக் கனவும் நாம் கேட்க வேண்டிய கேள்வியும்

1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமா மீது அணுகுண்டை வீசிய பி-29 விமானத்தின் பெயர் எனோலா கே. விமானி போல் டிபெட்ஸ் தனது தாயாரின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார். எண்பது ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச் மாதத்தில், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் இணையப் பக்கங்களிலிருந்து நீக்குவதற்கென அடையாளமிடப்பட்ட படங்களின் பட்டியலில் அந்த விமானமும் இருந்ததாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. பட்டியலில் இருந்தவை 26,000க்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலானவை பெண் படையினரையும் கறுப்பின, சிறுபான்மைப் படையினரையும் பற்றியவை. எனோலா கே அதில் அகப்பட்டதற்கு, பெயரின் இரண்டாம் பகுதி ஆங்கிலத்தில் ஓரினச் சேர்க்கையாளரைக் குறிக்கும் சொல்லாகவும் இருப்பதைத் தவிர வேறு காரணம் எதையும் யாராலும் காண முடியவில்லை.

இதைப் பலர் நகைச்சுவையாகப் பகிர்ந்தார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. ஒரு நகரத்தையே எரித்த இயந்திரத்தைப் பார்த்து, அதன் பெயரில் மட்டும் குறை கண்டுபிடிக்கும் ஓர் அரசியல் இன்று உலகின் மிகப் பலம்வாய்ந்த இராணுவத்தை நடத்துகிறது. அந்த அரசியலின் தர்க்கம் என்ன, அதில் நியாயம் எவ்வளவு, அது எதை மறைக்கிறது என்பதை நாம் நிதானமாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

நாம் ஏன் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கலாம். காரணம் நமது கைபேசிகளில் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாக அமெரிக்கப் பழமைவாதப் பேச்சாளர்களின் காணொளிகள் நமது வட்ஸ்அப் குழுக்களில் தாராளமாகச் சுற்றுகின்றன. ஆண் என்றால் ஆண், பெண் என்றால் பெண், குடும்பம்தான் சமூகத்தின் அத்திவாரம் என்று அவர்கள் பேசும்போது நம்மவர்கள் பலருக்கு, "மேற்கிலும் ஒருவன் சரியாகப் பேசுகிறான்" என்ற நிம்மதி ஏற்படுகிறது. நான் தரம் 10, 11 மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். வகுப்பில் ஒரு மாணவன் என்னிடம் நேரடியாகவே கேட்டான்: "சேர், அவங்களும் நாங்க சொல்றதத்தானே சொல்றாங்க?" அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது.

அவர்களின் வாதம் என்ன?

முதலில் அவர்களுடைய வாதத்தை அதன் வலுவான வடிவத்தில் எடுத்துக்கொள்வோம்.

இராணுவம் என்பது போரிடுவதற்கான அமைப்பு. சமூகப் பரிசோதனைக்கான களமல்ல என்பது அவர்களின் அடிப்படை நிலைப்பாடு. இனம், பால், பாலியல் அடையாளம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்து ஆட்சேர்ப்பும் பதவி உயர்வும் நடந்தால் தகுதி பின்னுக்குப் போகும், படையினரிடையே ஒற்றுமை குலையும், பயிற்சிக்கான நேரம் கருத்தரங்குகளில் கரையும் என்று அவர்கள் சொல்கிறார்கள். 2021 மார்ச்சில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன், கர்ப்பிணிப் பெண்களுக்கான விமானி உடை பற்றிய ஜனாதிபதி பைடனின் அறிவிப்பைக் கேலி செய்து, சீனா தன் படையைப் பலப்படுத்தும்போது அமெரிக்கா இதைச் செய்துகொண்டிருக்கிறது என்றார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், இனவாதம் பற்றிய கோட்பாடுகளை இராணுவக் கல்லூரியில் கற்பிப்பதைக் கூட்டுப்படைத் தளபதி ஜெனரல் மார்க் மில்லி காங்கிரஸ் குழுமுன் நியாயப்படுத்தியபோது, அந்தக் காட்சி பழமைவாதிகளின் கோபத்துக்கு எண்ணெய் வார்த்தது.

2022ஆம் நிதியாண்டில் தரைப்படை 60,000 பேரைச் சேர்க்க முனைந்து, ஏறத்தாழ 15,000 பேர் குறைவாகவே சேர்க்க முடிந்தது. தமது வாதத்துக்கு இதுவே சான்று என்றார்கள் பழமைவாதிகள். நாட்டுப்புற வெள்ளையினக் குடும்பங்களின் பிள்ளைகள் இராணுவத்தை விட்டு விலகுவது, அது தங்களை இழிவாகப் பார்ப்பதால்தான் என்ற விளக்கம் பரவியது. பின்னாளில் பாதுகாப்பு அமைச்சரான பீட் ஹெக்செத் 2024இல் எழுதிய நூலின் மையக்கருத்தும் இதுதான்.

இதில் நியாயமான ஒரு கேள்வி இருப்பதை மறுக்கத் தேவையில்லை. ஒரு பொறுப்பை அதற்குத் தகுதியானவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது நமக்கும் பழக்கமான அளவுகோல்தான். பொறுப்பு என்பது அமானிதம். பாடசாலை அதிபர் நியமனத்திலும் பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவிலும் நாம் இதைத்தான் பேசுகிறோம். ஆகவே அவர்களுடைய செயலையும் அதே அளவுகோலால் அளந்து பார்ப்போம்.

தகுதி என்ற அளவுகோல்

2025 ஜனவரி 27ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் இரண்டு நிர்வாக ஆணைகளில் கையொப்பமிட்டார். ஒன்று இராணுவத்தில் பன்மைத்துவ, சமத்துவத் திட்டங்களை ஒழித்தது. மற்றையது பால்மாறியோர் சேவையில் இருப்பதைத் தடுத்தது. பெப்ரவரி 21ஆம் திகதி கூட்டுப்படைத் தளபதி ஜெனரல் சி.கியூ. பிரவுன் நீக்கப்பட்டார். அதே நாளில் கடற்படையின் தலைமைப் பதவியை வகித்த முதல் பெண்ணான அட்மிரல் லிசா ஃபிரான்செட்டியும் நீக்கப்பட்டார்.

பிரவுன் ஒரு கறுப்பினத்தவர். எஃப்-16 போர் விமானி. 2020இல் அவரை விமானப்படைத் தளபதி பதவிக்குப் பிரேரித்தவரே ட்ரம்ப்தான். செனட் சபை 98க்கு 0 என்ற வாக்குகளால் அவரை ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்டவர் கூட்டுப்படைத் தளபதி பதவிக்கு வந்தது நிறத்தாலா திறமையாலா என்று ஹெக்செத் தனது நூலில் ஐயம் கிளப்பியிருந்தார். பிரவுனின் இடத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜெனரல் டான் கேன் ஓய்வுபெற்றிருந்தவர். அந்தப் பதவிக்கு வருபவர் முன்னர் வகித்திருக்க வேண்டுமெனச் சட்டம் சொல்லும் பதவிகள் எதையும் அவர் வகித்திருக்கவில்லை. ஆகவே ஜனாதிபதியின் விசேட விதிவிலக்குடன்தான் அவர் நியமிக்கப்பட்டார். அவர் திறமையற்றவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "தகுதி மட்டுமே" என்று கொடி பிடித்தவர்கள், சட்டம் வரையறுத்த தகுதியை முதல் மாதங்களிலேயே தளர்த்தினார்கள் என்பது பதிவில் இருக்கிறது.

ஹெக்செத்தின் கதையும் அப்படித்தான். செனட்டில் 50க்கு 50 என்று வாக்குகள் சமமாகி, துணை ஜனாதிபதியின் ஒரு வாக்கினால் பதவிக்கு வந்தவர் அவர். இரண்டு மாதங்களுக்குள், யெமன் மீதான தாக்குதலின் நேர விபரங்களை, ஒரு பத்திரிகை ஆசிரியரும் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்த சிக்னல் குழுவொன்றில் பகிர்ந்தார். அது திணைக்களத்தின் விதிகளை மீறிய செயல் என்று பென்டகனின் பரிசோதகர் நாயகம் 2025 டிசம்பரில் அறிக்கையிட்டார். ஹெக்செத் பதவியில் தொடர்ந்தார்.

ஆட்சேர்ப்பு வாதமும் நெருங்கிப் பார்த்தால் தளர்கிறது. இளைஞர்கள் ஏன் சேரவில்லை என்று தரைப்படையே 2022இல் ஆய்வு நடத்தியது. உயிர்ப் பயம், மன உளைச்சல், குடும்பத்தைப் பிரிதல் ஆகியவையே முன்னணிக் காரணங்களாக இருந்தன. முற்போக்குக் கொள்கைகளைக் காரணமாகச் சொன்னோர் ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே. உடற்தகுதியிலும் பரீட்சைப் புள்ளியிலும் சற்றுப் பின்தங்கிய இளைஞர்களுக்காக 2022 ஆகஸ்டில் தரைப்படை ஒரு முன்பயிற்சி வகுப்பை ஆரம்பித்தது. 2024இல், அதாவது பைடனின் காலத்திலேயே, தரைப்படை தனது 55,000 பேர் என்ற இலக்கை எட்டிவிட்டது. 2025இல் 61,000 என்ற இலக்கு நான்கு மாதங்கள் முன்னதாகவே நிறைவேறியது. பின்தங்கிய மாணவனுக்கு மேலதிக வகுப்பு நடத்தினால் அவன் சித்தியடைவான் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரிந்த இரகசியம்தான்.

2025 ஜூன் 22ஆம் திகதி ஏழு பி-2 விமானங்கள் ஈரானின் ஃபோர்டோ, நதன்ஸ் அணுசக்தி நிலையங்கள் மீது ஒவ்வொன்றும் 30,000 இறாத்தல் எடையுள்ள 14 குண்டுகளை வீசின. பழமைவாதிகள் இதை ஆண்மையின் மீள்வருகை போலக் கொண்டாடினார்கள். ஆனால் அந்த விமானங்களில் ஆண்களும் பெண்களும் இருந்தார்கள் என்று ஜெனரல் கேன் தானே ஊடகவியலாளர் சந்திப்பில் தெரிவித்தார்.

பெயர்ப்பலகை மாற்றம்

அந்த ஆண்டில் நடந்த வேறு சில மாற்றங்களையும் பாருங்கள். தென் மாநிலக் கூட்டமைப்பின் ஜெனரல் ஒருவரின் பெயரில் இருந்த ஃபோர்ட் பிராக் முகாம் 2023இல் ஃபோர்ட் லிபர்ட்டி ஆனது. 2025 பெப்ரவரியில் அது மீண்டும் ஃபோர்ட் பிராக் ஆனது. இம்முறை அதே குடும்பப் பெயர் கொண்ட, இரண்டாம் உலகப் போரின் சாதாரணச் சிப்பாய் ஒருவருக்காக என்றார்கள். ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காகப் போராடிய ஹார்வி மில்க்கின் பெயரைத் தாங்கிய எரிபொருள் கப்பலுக்கு ஜூன் மாதத்தில் ஒஸ்கார் பீட்டர்சன் என்ற கடற்படை வீரரின் பெயர் சூட்டப்பட்டது. செப்டெம்பர் 5ஆம் திகதி பாதுகாப்புத் திணைக்களமே "போர்த் திணைக்களம்" என்ற இரண்டாம் பெயரைப் பெற்றது.

எதிர்த்தரப்பின் அடையாள அரசியலை ஒழிப்பதாகச் சொல்பவர்களின் முதல் வேலைகளும் பெயர், படம், பதவி ஆகியவற்றைச் சுற்றியே இருந்தன. கப்பல் அதே கப்பல். அதன் எஞ்சினில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

ஆயுதங்களின் உண்மைக் கதை

அமெரிக்கப் படையின் உண்மையான பலவீனம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கணக்காய்வு அறிக்கைகள் வேறொரு பக்கத்தைக் காட்டுகின்றன.

எஃப்-35 போர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 2001இல் லோக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. வாங்குவதற்கும் ஆயுள் முழுக்கப் பராமரிப்பதற்குமான செலவு இன்று 2 ட்ரில்லியன் டொலரைத் தாண்டுகிறது. 2023 மார்ச் மாதத்தில் இந்த விமானங்கள் பணிக்குத் தயாராக இருந்த வீதம் 55 சதவீதம் மட்டுமே என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் சொன்னது. உதிரிப்பாகத் தட்டுப்பாடும் திருத்த வேலைத்தளங்களின் தாமதமும் முக்கிய காரணங்கள்.

கடற்படையின் கதை இதைவிட மோசம். 25 ஆண்டுகள் சேவை செய்ய வேண்டிய கரையோரப் போர்க்கப்பல்களில் ஒன்றான சூ சிட்டி, 2018 நவம்பரில் சேவைக்கு வந்து 2023 ஆகஸ்டில் ஓய்வு பெற்றது. ஐந்து ஆண்டுகள்கூட முழுமையாகவில்லை. சும்வோல்ட் ரக நாசகாரிக் கப்பல்கள் 32 கட்டத் திட்டமிட்டு 3 மட்டுமே கட்டப்பட்டன. கப்பல்களின் எண்ணிக்கை குறைந்ததால் அவற்றின் பீரங்கிக்கான ஒரு குண்டின் விலை ஏறத்தாழ 8 இலட்சம் டொலர் வரை ஏறி, அந்தக் குண்டை வாங்குவதே கைவிடப்பட்டது. குண்டில்லாத பீரங்கியோடு கப்பல்கள் கடலில் நின்றன. கொன்ஸ்டலேஷன் ரகக் கப்பலுக்காக 2020இல் ஐரோப்பாவின் நன்கு பரீட்சிக்கப்பட்ட வடிவமைப்பு ஒன்று தெரிவானது. மூல வடிவத்தின் 85 சதவீதத்தை அப்படியே வைத்திருப்பதாகச் சொல்லி ஆரம்பித்தவர்கள், மாற்றி மாற்றி அதை 15 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்கள். 2025 நவம்பரில், முதல் இரண்டு கப்பல்களைத் தவிர மற்றவை இரத்துச் செய்யப்பட்டன.

இந்தத் தோல்விகள் எதிலாவது பன்மைத்துவக் கருத்தரங்கு காரணமாக இருந்ததா? பெண் மாலுமி காரணமா? வடிவமைப்பு முடியுமுன் கட்டத் தொடங்கியது, கட்டும்போதே தேவைகளை மாற்றியது, விரல்விட்டு எண்ணக்கூடிய ஒப்பந்த நிறுவனங்கள், தமது தொகுதியின் தொழிற்சாலை மூடப்படக் கூடாது என்பதற்காக எந்தத் திட்டத்தையும் கைவிடாத காங்கிரஸ் உறுப்பினர்கள் இவைதான் காரணம். அந்த உறுப்பினர்களில் இரண்டு கட்சியினரும் இருக்கிறார்கள். "முற்போக்கு இராணுவம்" பற்றி உரத்துப் பேசியோர் பலர், இந்தக் கொள்வனவுகளுக்கு ஆண்டுதோறும் கையுயர்த்தியவர்கள்.

செங்கடல் கற்பித்த பாடம்

2025 மார்ச் 15 முதல் மே 6 வரை யெமனின் ஹூதிகள் மீது அமெரிக்கா தொடர்ச்சியாகக் குண்டு வீசியது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குள் தலா 30 மில்லியன் டொலர் பெறுமதியான ஏழு ரீப்பர் ட்ரோன்களை ஹூதிகள் வீழ்த்தினார்கள். ட்ரூமன் விமானந்தாங்கிக் கப்பல் அந்தப் பயணத்தில் மூன்று எஃப்/ஏ-18 போர் விமானங்களை இழந்தது. ஒன்றைத் துணைக்கப்பல் ஒன்று தவறுதலாகச் சுட்டது, ஒன்று தளத்திலிருந்து கடலில் விழுந்தது, ஒன்று தரையிறங்கும்போது தவறியது. சில ஆயிரம் டொலர் பெறுமதியான ட்ரோன்களைத் தடுக்கத் தலா 2 மில்லியன் டொலருக்கும் அதிகமான ஏவுகணைகள் செலவாயின. இறுதியில் ஓமானின் மத்தியஸ்தத்தோடு தாக்குதல் நிறுத்தப்பட்டது.

அந்த வாரங்களில் யெமனியர் பட்ட துயரத்தையும் மறந்துவிடக் கூடாது. ஏப்ரல் 17ஆம் திகதி ராஸ் ஈஸா எண்ணெய்த் துறைமுகத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோரும், ஏப்ரல் 28ஆம் திகதி ஸஃதாவில் ஆபிரிக்கக் குடியேறிகள் தடுத்து வைக்கப்பட்டிருந்த இடத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரும் கொல்லப்பட்டதாக ஹூதி அதிகாரிகள் தெரிவித்தார்கள். குண்டு வீசிய விமானி ஆணா பெண்ணா, வெள்ளையரா கறுப்பரா என்ற விவாதம் அங்கே செத்தவர்களுக்கு எந்த வகையிலும் பொருட்டல்ல.

இதே இடத்தில் தாராளவாதிகளின் அடையாள அரசியலையும் நாம் கேள்வி கேட்க வேண்டும். பைடன் அரசில் அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பாதுகாப்பு அமைச்சராக லொயிட் ஒஸ்டின் இருந்தார். பன்மைத்துவத்துக்கு அது பெரும் வெற்றி என்றார்கள். அவருடைய காலத்தில்தான் காஸாவில் விழுந்த குண்டுகள் கப்பலேறின. 2024 மே மாதத்தில் பைடன் 2,000 இறாத்தல் குண்டுகளின் ஒரு தொகுதியை மட்டும் நிறுத்தி வைத்தார். ட்ரம்ப் பதவியேற்ற வாரத்துக்குள் அதையும் விடுவித்தார். கட்டளையிடும் அறையில் யார் அமர்வது என்பதில் இரு தரப்பும் கடுமையாகச் சண்டையிடுகின்றன. குண்டு எங்கே விழ வேண்டும் என்பதில் அவர்களுக்குள் அவ்வளவு பெரிய சண்டை இல்லை.

கேள்வி கேட்கும் பழமைவாதிகளும் உண்டு

எல்லாப் பழமைவாதிகளையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல. ஆயுத உற்பத்தியாளரும் இராணுவமும் சேர்ந்த கூட்டின் செல்வாக்கைப் பற்றி 1961 ஜனவரி 17ஆம் திகதி தனது பிரியாவிடை உரையில் எச்சரித்தவர் குடியரசுக் கட்சி ஜனாதிபதி ஐசன்ஹோவர். அவரே ஓர் ஐந்து நட்சத்திரத் தளபதி. ஈராக் போரை எதிர்ப்பதற்காகவே 2002இல் பட் புகானனும் நண்பர்களும் ஒரு பழமைவாதச் சஞ்சிகையைத் தொடங்கினார்கள். 2021இல் கர்ப்பிணி விமானி உடையைக் கேலி செய்த அதே கார்ல்சன், 2025இல் ஈரான் மீதான போரைக் கடுமையாக எதிர்த்தார். வாங்கும் ஆயுதம் வேலை செய்கிறதா, தொடங்கும் போர் தேவையா என்று கேட்கும் பழமைவாத மரபு ஒன்று அங்கே எப்போதும் இருந்திருக்கிறது.

ஹெக்செத்தின் நிர்வாகமும் இந்தப் பக்கத்தில் சிலவற்றைச் செய்தது. சிறிய ட்ரோன்களை விலையுயர்ந்த விமானம் போலல்லாமல் தோட்டா போல, செலவழிக்கும் பொருளாகக் கருத வேண்டும் என்று 2025 ஜூலையில் பணிப்புரை விடுத்தார். நவம்பரில் கொள்வனவு நடைமுறையையே மாற்றப்போவதாக அறிவித்தார். டிசம்பரில் மத்திய கிழக்கில் "லூகாஸ்" என்ற ட்ரோன் அணியொன்று நிறுத்தப்பட்டது. ஒன்றின் விலை ஏறத்தாழ 35,000 டொலர். அது ஈரானின் ஷாஹித் ட்ரோனைப் பார்த்து உருவாக்கப்பட்டது. பல தசாப்தங்களாகப் பொருளாதாரத் தடையில் நெருக்கப்பட்ட ஒரு நாட்டின் மலிவான கருவியை, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு ட்ரில்லியன் டொலர் செலவிடும் நாடு பிரதி செய்ய வேண்டியிருந்தது என்பதை இராணுவ வரலாறு நிச்சயம் குறித்து வைக்கும்.

ஆனால் அதே நிர்வாகத்தின் மறுகை எதிர்த்திசையில் இழுக்கிறது. ஃபோர்ட் விமானந்தாங்கிக் கப்பலின் விலை ஏறத்தாழ 13 பில்லியன் டொலர். விமானங்களைத் தளத்திலிருந்து உந்தி அனுப்பும் அதன் மின்காந்தக் கருவி ஆரம்ப ஆண்டுகளில் அடிக்கடி பழுதானது. அது நியாயமான முறைப்பாடு. ட்ரம்ப்பின் தீர்வோ பழைய நீராவிக் கருவிக்கே திரும்ப வேண்டும் என்பது. 2017இலும் சொன்னார்; 2025 ஒக்டோபரில் ஜப்பானில் கப்பல் தளத்திலேயே மாலுமிகளிடம் கேட்டு, அவர்களைக் கைதட்டவும் வைத்தார். டிசம்பர் 22ஆம் திகதி, தனது பெயரையே தாங்கும் புதிய ரகப் "பெட்டில்ஷிப்" கப்பல்களை அறிவித்தார். அமெரிக்கா அந்த வகையின் கடைசிக் கப்பலான மிசூரியை 1992இலேயே ஓய்வுபெறச் செய்திருந்தது. ஏவுகணையும் ட்ரோனும் நிறைந்த கடலில் 30,000 தொன்னுக்கும் மேற்பட்ட ஒரு தனி இலக்கு எதற்கு என்று கடற்படை ஆய்வாளர்கள் கேட்கிறார்கள்.

இங்கேதான் விடயம் தெளிவாகிறது. மனிதர்களுக்கு மட்டுமல்ல, இயந்திரங்களுக்கும் அடையாளம் கொடுக்கப்படுகிறது. நீராவி உறுதியானது, ஆண்மையானது. மின்காந்தம் படித்தவர்களின் சிக்கல். பெரிய கப்பல் பெருமைக்குரியது. சிறிய ட்ரோன் தேவைப்பட்டாலும் படம் எடுத்துச் சுவரில் மாட்டத் தகுந்ததல்ல. அடையாள அரசியலை எதிர்ப்பதாகச் சொல்லும் அரசியல், தன் ஆயுதத்தைக்கூட அடையாளத்துக்காகத் தெரிவு செய்கிறது.

தாடிக்கு வந்த கட்டளை

2025 செப்டெம்பர் 30ஆம் திகதி உலகெங்குமிருந்து நூற்றுக்கணக்கான ஜெனரல்களையும் அட்மிரல்களையும் வேர்ஜீனியாவின் குவாண்டிகோ தளத்துக்கு அழைத்து ஹெக்செத் உரையாற்றினார். போர்ப் பணிகளில் பெண்கள் ஆண்களுக்கான அதியுயர் அளவுகோலை எட்ட வேண்டும் என்றார். உடற்பருமன் பற்றிப் பேசினார். தாடிக்கும் தடை அறிவித்தார். அன்றே வெளியான பணிப்புரை, தாடிக்கான விலக்குகள் பொதுவாக அனுமதிக்கப்படமாட்டா என்றும், படை 2010க்கு முந்திய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றும் கூறியது.

தாடிக்கு எதிரான இராணுவக் காரணம் உபகரணம் சார்ந்தது. நச்சுவாயு முகமூடி முகத்தோடு இறுகப் பொருந்த வேண்டும்; தாடி அதைத் தடுக்கும் என்பது. கேட்கத் தகுந்த காரணம்தான். ஆனால் விசேட படையணிகளுக்கு இந்தத் தடையில் விலக்கு உண்டு. மிக ஆபத்தான களத்துக்குப் போகும் அவர்களின் முகத்திலும் அதே முகமூடிதான் பொருந்த வேண்டும். அப்படியானால் பிரச்சினை முகமூடியா, முகமா?

இதனால் பாதிக்கப்படுவோர் யார் என்று பார்த்தால் விடை தெரியும். சீக்கியர், தாடி வைக்கும் முஸ்லிம்கள், யூதர்கள், சவரம் செய்தால் தோல் புண்ணாகும் நிலை அதிகமுள்ள கறுப்பின ஆண்கள். 2017 ஜனவரியில் தரைப்படை ஒரு பணிப்புரை மூலம் தாடி, தலைப்பாகை, ஹிஜாப் ஆகியவற்றுக்கான அனுமதியை இலகுவாக்கியிருந்தது. அந்தக் கதவு பாதியாகச் சாத்தப்பட்டது. அதே தரைப்படையில் கெப்டன் ஹுமாயூன் கான் என்ற முஸ்லிம் அதிகாரி 2004இல் ஈராக்கில் தனது சிப்பாய்களைக் காக்க முன்சென்று குண்டுவெடிப்பில் உயிரிழந்தார். அவரின் பெற்றோரை 2016 தேர்தல் காலத்தில் ட்ரம்ப் எப்படிப் பேசினார் என்பதும் உலகறிந்தது.

என் மாணவனின் கேள்விக்கு இதுவே எனது பதில். அவர்கள் சொல்வதில் ஒரு பகுதி நாம் சொல்வது போலவே ஒலிக்கும். ஆனால் அவர்களின் பட்டியலில் பால்மாறியோரை அடுத்து வரும் வரிகளில் தாடியும் இருக்கிறது. குடும்பம், ஒழுக்கம் பற்றிய நமது நிலைப்பாடுகளுக்கு நமக்கே சொந்தமான ஆதாரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வொஷிங்டனின் மேடையிலிருந்து சான்றிதழ் தேவையில்லை. எதிரியின் எதிரி நண்பன் என்ற கணக்கு, அந்த எதிரிகள் இருவருமே நம் உறவுகளின் மீது ஒரே குண்டை வீசும்போது பிழைத்துவிடுகிறது.

நமது மண்ணில்

இந்தப் பாடத்துக்கு நாம் அமெரிக்கா வரை போகத் தேவையுமில்லை. 2006இல் உக்ரேனிலிருந்து வாங்கப்பட்ட மிக்-27 விமானங்கள் பற்றி ஊடகவியலாளர் இக்பால் அத்தாஸ் 2007இல் எழுதியபோது, அவருக்கு வழங்கப்பட்டிருந்த பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. யுத்த காலம் அது. விமானத்தின் விலை என்ன, வயது என்ன, பணம் யாருக்குப் போனது என்று கேட்டவரின் தேசப்பற்றுத்தான் விசாரணைக்கு உட்பட்டது. கொள்வனவு பற்றிய கேள்வியை அடையாளம் பற்றிய சந்தேகத்தால் மூடிவிடலாம் என்பதை எல்லா நாட்டு அதிகாரமும் அறிந்திருக்கிறது.

ஆகவே வாசகர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஒரு தலைவர், எந்த நாட்டவராயினும், இராணுவத்தில் யார் இருக்கக் கூடாது என்று ஆவேசமாகப் பேசும் காணொளி உங்கள் கைபேசிக்கு வந்தால், அதைப் பகிருமுன் மூன்று விடயங்களைத் தேடிப் பாருங்கள். அவர் எந்த ஆயுதத்தை வாங்குகிறார், அது யாருடைய பணம், அது எங்கே போய் விழுகிறது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் மனிதரின் நிறத்தையும் பாலையும் தாடியையும் மட்டும் பேசுபவர், வலதுசாரியோ இடதுசாரியோ, நம்முடைய கவனத்தை வேறெங்கோ திருப்புகிறார். நம் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொடுத்தால், யாருடைய மேடைக்குக் கைதட்டுவது என்பதை அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.